அந்தக் குளியலறை பாயிண்டைப் போட்டது யார்

மகன் மாணிக்கத்துக்கு,

எழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும், இது என் கை இல்லை. என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும் என்று நீயே எத்தனை முறை சிரித்திருக்கிறாய். இது பார்வதியின் கை. ஆமாம், நம் ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணியாரின் மகள் பார்வதிதான். நீ பரிசம் போட்டுவிட்டுப் பிறகு வேண்டாம் என்று உதறிப் போன அதே பார்வதி. அதைப் பார்த்துவிட்டுக் கடிதத்தைக் கசக்கி எறிந்துவிடாதே. எனக்குக் கண்ணில் பூ விழுந்துவிட்டது. இடது கண் போயே போய்விட்டது. வலது கண்ணுக்கு எந்நேரமும் விடியற்காலைப் பனிதான். சிவப்புக் கம்பி எது, கறுப்புக் கம்பி எது என்று தெரியாதவன் கரண்டு வேலை பார்த்தால் பிணம் விழும் என்று கம்பி வெட்டும் குறட்டையும் டெஸ்ட் விளக்கையும் நானே ஆபீசில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். எஸ்டேட் பள்ளிக்கூடத்து வாத்தியார் எப்போதோ ஊரைவிட்டுப் போய்விட்டார். நம் லயத்துக் குடியிருப்பில் இப்போது நாலு வரி ஒழுங்காக எழுதத் தெரிந்தவள் இவள் ஒருத்திதான். நான் சொல்லுவதை ஒரு சொல் விடாமல் எழுத வேண்டும், என்ன வந்தாலும் நடுவில் நிறுத்தக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். என்ன சொல்லப் போகிறேன் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. நான் சொல்கிற கொச்சையை அவள் நல்ல தமிழாக்கி எழுதுகிறாள், அதனால் அப்பா திடீரென்று படித்தவனாகிவிட்டான் என்று நினைத்துக்கொள்ளாதே.

காய்கறி லோரி ஓட்டுகிற பீர் அண்ணன் போன வாரம் கோலா தெர்லாவுக்கு ஏறும் வழியில் நம் தொழிற்சாலை வாசலில் வண்டியை நிறுத்தினார். உன்னைப் பார்த்தேன் என்றார். அங்கேயே கல்லில் உட்கார்ந்துவிட்டேன். "ஈப்போ பக்கத்து பவர்ஹவுஸ்ல நல்லாத்தான் இருக்கான்லா. ஒடம்பு எளைச்சிருக்கு, மத்தபடி ஒண்ணும் இல்ல. மூணு மாசத்துக்கு ஒரு தடவ வீட்டுக்குப் போய்வர பாஸ் குடுக்கிறான் ஜப்பான்காரன். இவன் வாங்க மாட்டேங்கிறான்" என்றார். ஏன் என்று கேட்டேன். "அந்த ஆளு மூஞ்சி இருக்கிற மலைக்கு நான் ஏற மாட்டேன்னு சொல்றான். எந்த ஆளுன்னு கேட்டா பேச்ச மாத்திட்டான்" என்றார். எந்த ஆள் என்று பீர் அண்ணனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

மாணிக்கம், நீ உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்த அன்று நான் அழுதேன். உன்னால் வர முடியும், ஆனால் வர மாட்டாய் என்று தெரிந்த பிறகு அழவும் வரவில்லை. வர முடியாதவனுக்காகக் காத்திருப்பது ஒரு விதம், அதற்கு மனசு பழகிவிட்டிருந்தது. இதற்குப் பழக முடியவில்லை. ரிங்லெட் பக்கமிருந்து எந்த லோரி ஏறினாலும் வளைவில் கியர் மாற்றுகிற சத்தத்தை வைத்து எந்த வண்டி என்று சொல்லிவிடுவேன் இப்போது. கண் போனவனுக்குக் காது அந்த வேலையைச் செய்கிறது. ஒவ்வொரு வண்டிக்கும் எழுந்து நிற்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி, "பெரியவரே, ஒக்காருங்க, அது முட்டைக்கோசு வண்டி" என்கிறாள். முட்டைக்கோசு வண்டி என்று எனக்கும்தான் தெரியும். எழுந்து நிற்பதில் யாருக்கு என்ன நட்டம்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விஷயம் அந்த பங்களா குளியலறை பாயிண்ட்.

உனக்குத் தெரியாததா என்று நீ கேட்பாய். பாதிதான் உனக்குத் தெரியும். சண்டைக்குப் பயந்து வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு பங்களாவுக்கு வந்த ஜப்பான் அதிகாரிக்கு நம் மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. தினமும் கழுத்தளவு வெந்நீரில் உட்கார வேண்டும் அவனுக்கு. விறகு எரித்துச் சுட வைத்த தண்ணீரைச் சுமந்து போவதற்குள் ஆறிவிடுகிறது என்று சமையல்காரனைக் கன்னத்தில் அறைந்தான். பிறகு எங்கிருந்தோ ஒரு செம்புப் பாய்லரை லோரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினான். மூன்று தடித்த முளை வைத்த பிளக். பதினைந்து ஆம்ஸ் கரண்டு இழுக்கிற சாமான். குளியலறையில் இருந்ததோ துரை சவரம் செய்யும் விளக்குக்காகப் போட்ட சின்ன பாயிண்ட், அஞ்சு ஆம்ஸ். அதற்குப் போன கம்பி சணல் கயிறு மாதிரி மெலிசு. "நான் மூணு நாள் இருக்க மாட்டேன். திரும்பி வரும்போது வெந்நீர் வரணும்" என்று சொல்லிவிட்டு அவன் கீழே இறங்கிப் போனான். அதாவது, மொழி சொல்ல வந்த ஆள் அப்படிச் சொன்னான். அதிகாரி சொன்னது அதைவிட நீளமாகவும் சத்தமாகவும் இருந்தது.

நான் என்ன செய்தேன்? பயந்தவன் செய்வதைச் செய்தேன். பிளக்கை மாற்றி அந்தச் சின்ன பாயிண்டிலேயே செருகினேன். ஃபியூஸ் பட்டென்று போனது. இன்னொன்று போட்டேன், அதுவும் போனது. சரிதான் என்று ஃபியூஸ் கம்பிக்குப் பதிலாகத் தடித்த செம்புக் கம்பியை இரட்டையாக முறுக்கி வைத்துவிட்டேன். பாய்லர் சூடானது. நான் பெரிய கெட்டிக்காரன் என்று உன்னைக் கூட்டிப்போய்க் காட்டினேன். நீ பாய்லரைப் பார்க்கவே இல்லை. கம்பி ஓடுகிற மரச்சட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாய், காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. பிறகு மெயினை இறக்கிவிட்டாய்.

"அப்பா, ஃபியூஸ் போறது நம்மளக் காப்பாத்தறதுக்கு. அத முடக்கிப் போட்டா செவுத்துக்குள்ள கம்பி எரியும். பலகை பங்களா இது. ஒரு வாரத்துல மொத்தமும் சாம்பல்."

"இல்லன்னா மூணு நாள்ல என் தலை போயிடும்டா."

"போவாது. போர்டுல இருந்து தனியா ஒரு லைன் இழுப்போம். பதினஞ்சு ஆம்ஸ் ஃபியூஸ், பதினஞ்சு ஆம்ஸ் கம்பி, பதினஞ்சு ஆம்ஸ் பாயிண்ட். மூணும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தணும். ஒண்ணு கொறஞ்சாலும் பிரயோசனம் இல்ல. சுவிச்சும் பாயிண்டும் குளியலறைக்கு வெளிய இருக்கட்டும், ஈரக்கையோட தொடப்படாது. எர்த்தைத் தண்ணிக் குழாயில கட்டிடலாம்."

எல்லாம் சரி, கம்பிக்கு எங்கே போவது? கடையில் ஆணி கூடக் கிடைக்காத காலம். அப்போதுதான் நீ கிராணியாரிடம் போனாய். தொழிற்சாலை பாதி மூடிக் கிடந்தது. தேயிலைக் கொழுந்து வாட்டும் மேல்மாடியின் பெரிய காற்றாடிகளுக்குப் போன தடித்த கேபிளைக் கழற்றி ஸ்டோரில் சுருட்டி வைத்திருந்தார். ஸ்டோர் சாமானைக் கேட்காமல் எடுத்தால் என்ன தண்டனை என்று எல்லாருக்கும் தெரியும். கேட்டால் கேபிளையே ஜப்பான்காரன் மலைக்குக் கீழே அள்ளிக்கொண்டு போய்விடுவான் என்றும் தெரியும். மனிதர் சாவியை எடுத்து வந்தார். கதவைத் திறந்துவிட்டு, "நான் வெளிய நின்னு வெத்தல போடறேன்" என்றார். அப்போது அவர் பெண்ணுக்கும் உனக்கும் பரிசம் போட்டு இரண்டு மாதம். மருமகனாகப் போகிறவன் என்பதால் செய்தாரோ, சமையல்காரன் கன்னத்தைப் பார்த்துச் செய்தாரோ, நான் கேட்டதில்லை.

வேலை முடிந்ததும் நீ ஒன்று சொன்னாய். உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு அது தினமும் காதில் விழுகிறது. "அப்பா, இதையும் ஒங்க வேலைன்னே சொல்லிடுங்க. எம்பேரு மட்டும் வெளிய வரக்கூடாது. கைவேல தெரிஞ்ச எளவட்டத்த தேடித் தேடிப் புடிக்கிறானுங்க."

இதையும் என்றாய் பார், அந்த 'உம்' என்னைச் சுட்டது. ஏன் என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன், பார்வதிக்கும் தெரியட்டும். துரை காலத்திலிருந்தே நீ செய்த வேலையையெல்லாம் என் வேலை என்று சொல்லித்தான் பேர் வாங்கியிருக்கிறேன். டைனமோவின் கோளாறைக் கண்டுபிடித்தது நீ. துரை கைகொடுத்தது எனக்கு. பாக்டரி விளக்குகளை இரண்டு லைனாகப் பிரித்தது நீ; கிறிஸ்துமஸுக்குக் கம்பளிச் சட்டை வாங்கியது நான். அதைப் போட்டுக்கொண்டு உன் முன்னாலேயே நடந்தேன். நீ ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. அப்பன் என்றால் அப்படித்தான், மகன் சம்பாதிக்கிற பேரில் அப்பனுக்கும் பங்கு உண்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பங்கா? முழுசும் நானே அல்லவா விழுங்கினேன்.

அதிகாரி வந்தான். வெந்நீரில் ஒரு மணி நேரம் கிடந்தான். வெளியே வந்தபோது முகம் செம்பருத்தி மாதிரி இருந்தது, அந்த ஆளுக்குச் சிரிக்கத் தெரியும் என்று அன்றுதான் கண்டோம். எங்களை வரச்சொன்னான். நான் நின்றேன், பக்கத்தில் கிராணியார் நின்றார். நீ தோட்டத்தில் இருந்தாய். சுவரில் கை வைத்துப் பார்த்தான், புது சுவிச்சைத் தட்டிப் பார்த்தான், என்னவோ கேட்டான். மொழி சொல்லும் ஆள், "இந்தக் குளியலறை பாயிண்டைப் போட்டது யாருன்னு கேக்கறார்" என்றான்.

நான்தான் என்று சொல்ல வாய் திறந்தேன். வாழ்நாள் முழுதும் சொல்லிப் பழகிய பதில். நீ சொல்லச் சொன்ன பதிலும் அதுதான். ஆனால் அந்த நேரம் பார்த்து எனக்கு மனசாட்சி வந்து தொலைத்தது. இவ்வளவு நல்ல வேலையையும் நீ திருடப் போகிறாயா என்று கேட்டது. பெருமையும் சேர்ந்துகொண்டது, என் பிள்ளையின் கைவேலையை ஒருத்தன் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறான். இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். மரவள்ளிக்கிழங்கு தின்று தின்று உன் கால்கள் வீங்கத் தொடங்கியிருந்தன, வேலை செய்தவனுக்கு அரிசி கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கிராணியார் என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன்.

"எம்மவன் செஞ்சது. பேரு மாணிக்கம்" என்றேன்.

உன் பெயரைச் சொன்னது நான், மாணிக்கம். கிராணியார் இல்லை. நான்.

இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. சத்தியத்தை மறந்து பார்வதி எழுந்து வெளியே போய்விட்டாள். நான் கூப்பிடவில்லை. குழாயடியில் அவள் முகம் கழுவுகிற சத்தம் கேட்டது. வெகுநேரம் தண்ணீர் ஓடியது. அப்புறம் வந்து உட்கார்ந்து, "சொல்லுங்க மாமா" என்றாள். இதையும் எழுது என்றேன். எழுதுகிறாள்.

மறுநாள் ஒரு கோணி அரிசி வந்தது. அது கிராணியார் வாங்கிக் கொடுத்தது என்று உன்னிடம் பொய் சொன்னேன். நீயும் சாப்பிட்டாய். ஒரு வாரம் கழித்து லோரி வந்தது. இறங்கியவன் காகிதத்தைப் பார்த்து, பங்களா குளியலறை பாயிண்டைப் போட்ட மாணிக்கம் யார் என்று கேட்டான். நீ முதலில் என்னைப் பார்த்தாய். அரை நொடிதான். பிறகு கிராணியாரைத் திரும்பிப் பார்த்தாய். அது உன் வேலை என்று தெரிந்தவர்கள் மூன்றே பேர்; அப்பன் மகனைக் காட்டிக்கொடுப்பானா என்று உன் நல்ல மனசு கணக்குப் போட்டது. கேபிள் விஷயத்தில் தன் கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ள உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டு, வாயை அடைக்க அரிசியும் வாங்கித் தந்தார் என்று நினைத்தாய். லயத்து ஜனம் அத்தனை பேர் முன்னாலும் கத்தினாய்: "மாமனாரு ஆகப்போற ஆளு பண்ற வேலையா இது? பரிசம் போட்டத இன்னிக்கே திருப்பி அனுப்புங்க. ஒங்க பொண்ணும் வேணாம், ஒங்க ஒறவும் வேணாம்." அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பார்வதி வாசலில் நின்றிருந்தாள். நான் உன் பக்கத்தில்தான் நின்றேன், ஒரு முழம் தூரத்தில். உன் சட்டைப் பொத்தான் ஒன்று கழன்றிருந்தது, அதைப் போட்டுவிட்டேன். வாயைத்தான் திறக்கவில்லை.

லோரி வளைவு தாண்டிய பிறகு கிராணியார் வீட்டுக்குப் போனேன். "ஏன்யா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, நான் இல்ல, இவருதான்னு" என்று அவரிடமே கோபப்பட்டேன். என் யோக்கியதை அப்படி. அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"எங்க கொண்டுபோறானுங்களோ தெரியல. பெத்தவன வெறுத்துட்டுப் போனா புள்ளைக்கு வேற என்னய்யா இருக்கு? என்ன வெறுத்துட்டுப் போவட்டும். நான் அவனுக்கு யாரு?"

நான் சொல்லிவிடுகிறேன், ஆள் அனுப்பிச் சொல்லிவிடுகிறேன் என்று அன்றைக்கே அவர் கையைப் பிடித்துச் சொன்னேன். ஒரு வருஷம் ஓடிவிட்டது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். உன்னிடம் எனக்கு மிச்சமிருந்தது அந்த அரை நொடிப் பார்வை ஒன்றுதான். அப்பா செய்திருக்க மாட்டார் என்று திரும்பினாயே, அது. அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. நீ அங்கே என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்பதை வைத்துத்தான் இந்த ஒரு வருஷமும் கிழங்கு தின்று உயிரோடு இருந்தேன். இன்னொருவர் மானத்தை அடகு வைத்து நான் நல்லவனாக இருந்தேன் என்று இப்போது சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நெஞ்சு லேசாகும் என்பார்கள். ஆகவில்லை.

கிராணியார் படுத்துவிட்டார், மாணிக்கம். கால் வீக்கம் இடுப்பு வரை ஏறிவிட்டது. அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நிற்கிறது. மருந்து இல்லை. தவிட்டுக் கஞ்சி கொடுத்துப் பார்க்கிறோம். நான் தினமும் தடவித் தடவி நடந்து அவரிடம் போய் உட்காருகிறேன். "பீர் அண்ணன் என்ன சொன்னாரு? பையன் சொகமா?" என்று அவர்தான் முதலில் கேட்டார். சுகம், ஆனால் வர மாட்டானாம் என்றேன். "எம்மேல அம்புட்டு கோவமா இன்னும்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்துதான் பார்வதியைக் கூப்பிட்டு, பேனா எடுத்துக்கொண்டு வா என்றேன். இதை எழுதுவது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் விட மாட்டார்.

உனக்கு உபதேசம் செய்ய எனக்கு என்ன இருக்கிறது? கரண்டு வேலையில் நான் சொன்னால் அது கொல்லன் தெருவில் ஊசி விற்பது. பிளக்கைப் பார்க்குமுன் போர்டைப் பார், ஈரமான இடத்தில் சுவிச் வைக்காதே, எர்த்தில்லாமல் விடாதே என்பதெல்லாம் நான் உன்னிடம் படித்தது. ஒன்று மட்டும் சொல்கிறேன், இது நான் சொந்தமாகப் பட்டது. நாளைக்கு உனக்கும் பிள்ளை பிறக்கும். அவன் உழைப்பை உன் பேரில் எழுதிக்கொள்ளாதே. எழுதிக்கொண்டுவிட்டால், மனசு உறுத்துகிறது என்று அவன் வேண்டாம் என்கிற நேரத்தில் திருப்பிக் கொடுக்காதே. அவனைக் கேட்டுச் செய். நான் பொய் சொன்ன காலமெல்லாம் நீ என் பக்கத்தில் இருந்தாய். உண்மை சொன்ன அன்று உன்னைக் கொண்டுபோனார்கள். அதனால் பொய் சொல்லு என்று சொல்லவில்லை. கேட்டுச் சொல்லு என்கிறேன்.

அந்த அதிகாரி வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டான். பங்களா பூட்டிக் கிடக்கிறது. கேபிளைப் பற்றிக் கேட்க இங்கே ஆள் இல்லை, ஆகவே அதற்குப் பயப்படாதே. இந்தக் கடிதத்தை ஒட்டவில்லை. பசைக்குச் சோறு வேண்டும், சோறு இருந்தால் தின்ன மாட்டோமா? பீர் அண்ணன் கோசுக் கூடைக்குள் வைத்துக் கொண்டுவருவார். வழியில் யார் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும். நீ கத்தியதை லயமே கேட்டது. நான் சொல்லுவதையும் நாலு பேர் கேட்கட்டும்.

பார்வதியைப் பற்றி ஏதாவது எழுதவா என்று அவளையே கேட்டேன். "என்னப் பத்தி ஒண்ணும் வேணாம் மாமா. எனக்காக வரட்டும்னும் எழுதாதீங்க, பாவம் பாத்து யாரும் வர வேணாம். எங்கப்பாவுக்கு நெனவு இருக்கிறப்பவே ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போவச் சொல்லுங்க, அது போதும்" என்றாள். பிறகு என்னிடம், "இதப் படிச்சிட்டு ஒங்க மேல கோவப்பட்டு வராமலே போயிட்டா என்ன மாமா பண்ணுவீங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியையும் அப்படியே எழுதச் சொன்னேன். அதற்குப் பதில் உன்னிடம்தான் இருக்கிறது.

பாஸை வாங்கு, மகனே. அவர் கண்மூடுவதற்குள் வா. வந்து அவர் காலைப் பிடித்துக்கொள், அவர் பெண்ணிடம் பேசு, பேசாமல் போ, உன் இஷ்டம். என்னை மன்னிக்க வேண்டாம், என்னோடு ஒரு வாய் தண்ணீர் கூடக் குடிக்க வேண்டாம். ஆனால் அங்கே இருந்துகொண்டு என்னை வெறுக்காதே. என்னை வெறுப்பதாக இருந்தால் இங்கே வந்து, எனக்கு நன்றாகக் கேட்கும்படி என் பக்கத்தில் நின்று வெறு.

உன் அப்பா